ஒரு வீடு, மூன்று மேசைகள்: எந்த பிராண்ட் மொனிட்டரை வாங்குவது?

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் வசிக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் வெளிநாட்டு நிறுவனமொன்றின் கணக்குகளை வீட்டிலிருந்தே பார்க்கிறார். அவருடைய துணைவியார் திருமண அல்பங்களை வடிவமைத்துக் கொடுக்கிறார். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த தம்பி இரவிரவாகக் கேம் விளையாடுகிறார். மூவருக்கும் புதிய மொனிட்டர் தேவை. டெல், எல்ஜி, சாம்சுங், அசுஸ், பென்க்யூ ஆகியவற்றுள் எது சிறந்தது, மூன்றையும் ஒரே பிராண்டில் வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறார். இருபது வருடங்களுக்கு மேலாகக் கொட்டாஞ்சேனைப் பக்கத்து அச்சகங்களில் பக்க வடிவமைப்புச் செய்து, நாளில் பாதியைத் திரைக்கு முன்னால் கழித்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒரே பிராண்டில் மூன்றையும் வாங்க வேண்டாம். அதற்கான காரணம் பெட்டியின் மேலுள்ள பெயரைவிட உள்ளே இருக்கும் பனலில்தான் இருக்கிறது. மொனிட்டரின் முன்பக்கத்தில் நாம் பார்க்கும் பனலை உலகில் ஒருசில தொழிற்சாலைகளே தயாரிக்கின்றன. கொரியாவின் எல்ஜி டிஸ்பிளே, தாய்வானின் ஏயூஓ, இனோலக்ஸ், சீனாவின் பிஓஈ, சிஎஸ்ஓடி ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. சாம்சுங் டிஸ்பிளே 2022இல் பின்னொளியால் இயங்கும் எல்சிடி பனல் உற்பத்தியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்ஈடி வகையோடு நின்றுகொண்டது. ஆகவே இன்று சாம்சுங் பெயரோடு வரும் ஒரு புதிய எல்சிடி மொனிட்டருக்குள் இருப்பது வேறொருவர் செய்த பனல். மறுபக்கம், 2022இல் டெல் தன் ஏலியன்வெயார் வரிசையில் வெளியிட்டுப் பெரும் பாராட்டைப் பெற்ற 34 அங்குல வளைந்த ஓஎல்ஈடி மொனிட்டரில் இருந்தது சாம்சுங் டிஸ்பிளேயின் பனல். அதே பனலைப் பின்னர் சாம்சுங்கும் எம்எஸ்ஐயும் தத்தம் பெயரில் விற்றன. ஏஓசி, பிலிப்ஸ் என்ற இரண்டு பெயர்களைப் பார்த்துவிட்டு ஒன்றையொன்று ஒப்பிடுபவர்கள் உண்டு. அந்த இரண்டு பெயர்களிலும் மொனிட்டர் செய்வது டிபிவி என்ற ஒரே நிறுவனம்.

அப்படியென்றால் பிராண்ட் என்பதற்குப் பொருளே இல்லையா என்றால், இருக்கிறது. பனலை வாங்கிய பிறகு அதை இயக்கும் மின்சுற்று, தொழிற்சாலையிலேயே நிறத்தைச் சரிபார்த்து அனுப்பும் அக்கறை, உயரத்தை மாற்றக்கூடிய நல்ல தாங்கி, பின்பக்கத்து இணைப்புகள், பழுதடைந்தால் மாற்றித் தரும் ஏற்பாடு ஆகியவை பிராண்டின் பொறுப்பு. ஆனால் இவை ஒரே பிராண்டுக்குள்ளேயே வரிசைக்கு வரிசை மாறும். டெல்லின் அல்ட்ராஷார்ப் வரிசையும் அதன் மலிவான வரிசையும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆகவே பிராண்டை ஒப்பிடுவதை விட்டுவிட்டு, ஒவ்வொருவரின் மேசைக்கும் எந்த வரிசை பொருந்தும் என்று பார்ப்போம்.

முதலில், நண்பரே, உங்கள் மேசை. கணக்கு வேலைக்கு வேண்டியது எழுத்துத் தெளிவு, கண்ணுக்குக் களைப்பின்மை, ஒரே கேபிளில் லப்டொப்பை இணைக்கும் வசதி என்ற மூன்றும்தான். எழுத்துத் தெளிவு ஓர் அங்குலத்துக்குள் எத்தனை பிக்சல் (படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகள்) இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. 24 அங்குலத்தில் 1920×1080 இருந்தால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 பிக்சல் கிடைக்கும். அதே எண்ணிக்கையை 27 அங்குலத்தில் பரப்பினால் 82 ஆகக் குறைந்துவிடும். 27 அங்குலத்தில் 2560×1440 என்றால் 109, 3840×2160 என்னும் 4கே என்றால் 163. கடைகளில் "பெரிய திரை, குறைந்த விலை" என்று காட்டப்படும் 27 அங்குல 1080பி மொனிட்டரை வேலைக்கு வாங்க வேண்டாம் என்று நான் எல்லோருக்கும் சொல்லிவருகிறேன். அதிலும் தமிழில் எழுதுபவர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன்.

ஏனென்றால் ஆங்கில எழுத்துகளைவிட நம்முடைய எழுத்துகளுக்குச் சுழிகளும் வளைவுகளும் அதிகம். விண்டோஸில் 100 சதவீத அளவில், 10 பொயின்ற் எழுத்தொன்றுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 13 பிக்சல் உயரம்தான். அந்தப் பதின்மூன்றுக்குள் எழுத்தின் உடலும் மேலே விசிறியும் கீழே சுழியும் அடங்க வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு மிஞ்சுவது ஒன்றோ இரண்டோ பிக்சல். புள்ளி பக்கத்து எழுத்தின் இகர விசிறியோடு ஒட்டிக்கொள்ளும். ணகரத்துக்கும் னகரத்துக்கும் இடையிலுள்ள ஒரு சுழி சாம்பல் நிறப் பூச்சாகத் தெரியும். ஒப்புநோக்கும்போது, "மன்னன்" என்ற சொல்லில் நடுப்புள்ளி விழுந்து கிடந்ததை மூன்று முறை வாசித்தும் காணாமல் விட்டு, அச்சான தாளில்தான் கண்டேன். 4கே திரையில் 150 சதவீத அளவை வைத்தால் அதே எழுத்துக்கு 20 பிக்சல் கிடைக்கிறது, புள்ளி புள்ளியாகவே நிற்கிறது. கடைக்குப் போகும்போது ஒரு பென் டிரைவில் 10 பொயின்ற் தமிழ்ப் பக்கம் ஒன்றைக் கொண்டுபோய்த் திறந்து பாருங்கள். கடைக்காரர் ஓடவிடும் வண்ண மீன் காணொளியைவிட அந்த ஒரு பக்கம் அதிகம் சொல்லும்.

ஆகவே உங்களுக்கு 27 அங்குல 4கே, பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகை எல்சிடி பனல், டைப்-சி இணைப்பு உள்ள ஒன்று பொருத்தமாக இருக்கும். டெல் அல்ட்ராஷார்ப்பை இந்த இடத்தில் நான் முதலில் சொல்வேன். வழக்கமான ஐபிஎஸ் பனலில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் 1000:1 அளவில் இருக்க, 2022 முதல் அந்த வரிசையில் வந்த ஐபிஎஸ் பிளாக் என்னும் பனல் அதை 2000:1 ஆக்கியது. இரவில் வேலை செய்பவருக்குக் கறுப்பு, சாம்பலாகத் தெரியாமல் கறுப்பாகவே தெரிவது பெரிய ஆறுதல். லப்டொப்புக்கு மின்சாரமும் கொடுக்கும் டைப்-சி, வலையமைப்புக் கேபிளைச் செருகும் துளை, உயரம் மாறும் தாங்கி ஆகியவை அதில் சேர்ந்தே வரும். எச்பியிலும் லெனோவோவின் திங்க்விஷன் வரிசையிலும் இதே தரத்தில் அலுவலக மொனிட்டர்கள் உண்டு. விலை குறைவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். 4கே கைக்கு எட்டாவிட்டால் 27 அங்குல 1440பி, அதுவும் எட்டாவிட்டால் 24 அங்குல 1080பி. அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

தம்பியின் மேசையைச் சுருக்கமாகப் பார்க்கலாம், ஏனென்றால் கேம் மொனிட்டர்களில் பிராண்டுகளுக்கு இடையிலான வேறுபாடு விளம்பரங்கள் சொல்லும் அளவுக்குப் பெரிதன்று. 60 ஹேர்ட்ஸ் திரை ஒரு படத்தை 16.7 மில்லி செக்கனுக்கு ஒரு முறை புதுப்பிக்கிறது, 144 ஹேர்ட்ஸ் 6.9 மில்லி செக்கனுக்கு ஒரு முறை, 240 ஹேர்ட்ஸ் 4.2 மில்லி செக்கனுக்கு ஒரு முறை. முதல் தாவலில் கிடைப்பது ஏறத்தாழ 10 மில்லி செக்கன், அடுத்ததில் கிடைப்பது மூன்றுக்கும் குறைவு. கொழும்பிலிருந்து சிங்கப்பூர் அல்லது மும்பை சேர்வருக்குத் தகவல் போய்வரும் நேரமே பத்துக் கணக்கான மில்லி செக்கன்களாக இருக்கும்போது, 144இலிருந்து 180 வரையிலான ஒன்றை வாங்கி, மிச்சப் பணத்தைக் கிராஃபிக்ஸ் கார்ட்டில் போடுவதே புத்தி. "1 மில்லி செக்கன்" என்று, பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரத்தைப் பெட்டியில் அச்சிட்டிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். பனலை அதன் எல்லைக்கு விரட்டி, ஓரங்களில் பேய்நிழல் படர்ந்தாலும் பரவாயில்லை என்று ஒரு சாதகமான அளவீட்டில் பெற்ற எண்ணாகவே அது பெரும்பாலும் இருக்கும்.

எல்ஜியின் அல்ட்ராகியர் வரிசை ஐபிஎஸ் பனலில் வேகமும் நிறமும் ஒருங்கே கொடுப்பதால், ஒரு வீட்டுப் பிள்ளைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது அதைத்தான். அசுஸ் டஃப் வரிசையும் அதற்கு இணையானது. சாம்சுங் ஒடிசியில் பல மாதிரிகள் விஏ என்னும் இன்னொரு வகை எல்சிடி பனல் கொண்டவை. 3000:1 வரை போகும் அந்தக் கறுப்பு அழகானது. ஆனால் மலிவான விஏ பனலில் இருண்ட காட்சிகள் அசையும்போது மை கலைவதுபோல் ஓர் இழுவை தெரியும். பென்க்யூவின் ஸோவி வரிசை சுட்டு விளையாடும் போட்டிக் கேம்களுக்கென்றே செய்யப்பட்டது. 24 அங்குல அளவில், நிறத்தைப் பற்றிக் கவலைப்படாமல், அசைவின் தெளிவு ஒன்றையே குறிவைத்த டிஎன் என்னும் வகைப் பனலைப் பல மாதிரிகளில் பயன்படுத்துவது. தம்பி போட்டிகளில் பங்குபற்றுபவர் என்றால் அது சரி, படமும் பார்ப்பவர் என்றால் வேண்டாம். ஒரு விடயத்தை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். எந்த மொனிட்டரை வாங்கினாலும் டிஸ்பிளே போர்ட் கேபிளில் இணைத்து, விண்டோஸ் அமைப்பில் போய் ஹேர்ட்ஸ் எண்ணைக் கையால் மாற்ற வேண்டும். 144 ஹேர்ட்ஸ் மொனிட்டரை வாங்கி ஒரு வருடமாக 60இலேயே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை நான் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் கண்டிருக்கிறேன்.

மூன்றாவது மேசைதான் உண்மையில் அதிக யோசனையைக் கேட்பது. திருமண அல்பம் வடிவமைப்பவரின் மொனிட்டர் பொய் சொன்னால், அந்தப் பொய் நூறு பக்கத்தில் அச்சாகி ஒரு குடும்பத்தின் அலுமாரியில் காலமெல்லாம் இருக்கும். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன்னர், "நிறங்கள் துள்ளும்" என்ற விளம்பரத்தை நம்பி ஒரு மொனிட்டரை வாங்கினேன். முதல் வேலையே ஒரு திருமண அல்பம். மணமகளின் கூறைச்சேலை அரக்குச் சிவப்பு. திரையில் அது தீப்பற்றி எரிவதுபோல் தெரிந்தது. கண்ணுக்கு இதமாக வரும்வரை சிவப்பைக் குறைத்து, மேளக்காரரின் சால்வையையும் குங்குமத்தையும் அதே கணக்கில் தணித்து, கோப்பை அச்சுக்கு அனுப்பினேன். அல்பம் வந்தபோது கூறை, மழையில் நனைந்து காய்ந்த செங்கல்லின் நிறத்தில் இருந்தது. மணமகளின் தாயார் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கள் பிள்ளையின் கூறை இந்த நிறம் இல்லையே" என்று மட்டும் சொன்னார். என் செலவில் முழு அல்பத்தையும் திரும்ப அச்சிட்டுக் கொடுத்தேன்.

நடந்தது இதுதான். 1996இல் எச்பியும் மைக்ரோசொஃப்டும் சேர்ந்து வகுத்த எஸ்ஆர்ஜிபி என்ற நிற எல்லைக்குள்தான் பெரும்பாலான படங்களும், அல்பம் அச்சிடும் லாப்கள் பெரும்பாலும் ஏற்கும் கோப்புகளும் இருக்கின்றன. அகன்ற நிறப் பரப்புள்ள மொனிட்டர் அந்தச் சிவப்பைத் தன்னுடைய எல்லை வரைக்கும் இழுத்துக் காட்டும். கோப்பில் இருந்த சிவப்பு சரியானது, திரை அதை மிகையாக்கியது, நான் மிகையைத் திருத்துவதாக எண்ணிச் சரியானதைக் கெடுத்தேன். அகன்ற நிறப் பரப்பு குற்றமன்று. அதை எஸ்ஆர்ஜிபிக்குள் பூட்டி வைக்கும் வசதி மொனிட்டரில் இருக்க வேண்டும், அதை நாம் பயன்படுத்த வேண்டும்.

இந்த இடத்தில்தான் பிராண்டுக்கு உண்மையான பெறுமதி வருகிறது. அசுஸின் புரோஆர்ட், பென்க்யூவின் பிடி (PD), எஸ்டபிள்யூ (SW) ஆகிய வரிசைகள் தொழிற்சாலையில் நிறம் அளக்கப்பட்டு வருபவை. டெல்டா ஈ என்ற நிறப் பிழை அளவு 2 அல்லது 3க்குக் கீழே என்று குறிப்பிட்டு, பல மாதிரிகளுக்கு அதன் அறிக்கையையும் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். அந்த எண் சிறிதாகச் சிறிதாக, கேட்ட நிறத்துக்கும் காட்டும் நிறத்துக்கும் உள்ள தூரம் குறைகிறது என்று பொருள். 2க்குக் கீழே போனால் சாதாரணக் கண்ணுக்கு வேறுபாடு பிடிபடுவது அரிது. பிடி வரிசை வடிவமைப்பாளர்களுக்கானது, எஸ்டபிள்யூ புகைப்படக்காரர்களுக்கானது. பின்னதில், அளக்கும் கருவியை இணைத்து மொனிட்டரின் உள்ளேயே நிறத் திருத்தத்தைப் பதிந்துவைக்கலாம் என்பதால், கணினியை மாற்றினாலும் திருத்தம் மாறாது. இவற்றுக்கெல்லாம் மேலே இருப்பது ஜப்பானின் இஷிக்காவா மாகாணத்து எய்சோ. அதன் கலர்எட்ஜ் சிஜி வரிசையில் அளக்கும் கருவி சட்டகத்துக்குள்ளேயே இருக்கிறது, நேரம் வந்தால் தானாக வெளியே வந்து திரையை அளந்துவிட்டுத் திரும்பிப் போகும். ஒரு நண்பரின் ஸ்டூடியோவில் அதை முதன்முதலில் பார்த்தபோது வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதன் விலைக்கு உங்கள் வீட்டின் மூன்று மேசைகளையும் நிரப்பிவிடலாம். வீட்டிலிருந்து அல்பம் செய்பவருக்கு 27 அங்குல பென்க்யூ பிடி அல்லது அசுஸ் புரோஆர்ட் போதும், கூடவே ஓர் அளக்கும் கருவியை வாங்கவோ இரவல் வாங்கவோ முடிந்தால் மிக நன்று.

அடுத்தது ஒளி. புதிய மொனிட்டர் பெட்டியிலிருந்து வரும்போது 300 நிட்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவுக்குப் பிரகாசமாக வரும். அச்சு வேலைக்கு 100 முதல் 120 வரை போதும். அதிக ஒளியில் வேலை செய்தால், படத்தை நாமே இருட்டாக்கி அனுப்பிவிட்டு, "லாப் இருட்டாக அடித்துவிட்டது" என்று குறைசொல்வோம். உங்கள் வீடு மரைன் டிரைவ் பக்கம் மேற்கு நோக்கியிருப்பதாகச் சொன்னீர்கள். மாலை நான்கு மணிக்குமேல் கடலிலிருந்து வரும் அந்த வெளிச்சத்தில் எந்த மொனிட்டரிலும் நிறம் பார்க்க முடியாது. துணைவியாருடைய மேசையைச் சன்னலுக்குப் பக்கவாட்டாகப் போட்டு, தடித்த திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிடுங்கள். அதே காரணத்துக்காகத்தான் மூவரில் எவருக்கும் ஓஎல்ஈடியை நான் இப்போது பரிந்துரைக்கவில்லை. இருட்டறையில் அதற்கு நிகர் இல்லை என்பது உண்மை. ஆனால் சாம்சுங் டிஸ்பிளேயின் ஓஎல்ஈடி பனல்களில் கறுப்பு, வெளிச்சமான அறையில் ஊதா கலந்த சாம்பலாக எழும்பித் தெரியும். அதன் பிக்சல் அடுக்கு வழக்கமான வரிசையில் இல்லாததால் பல மாதிரிகளில் எழுத்தின் ஓரத்தில் நிறக்கோடு விழும். ஒரே எக்செல் அட்டவணை நாள் முழுவதும் நின்றால் காலப்போக்கில் அதன் தடம் பதிந்துவிடும் ஆபத்தும் உண்டு. பெட்டியில் "எச்டிஆர் 400" என்று இருப்பதற்காகவும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். எச்டிஆர் என்பது மிகுந்த ஒளியையும் ஆழ்ந்த இருளையும் ஒரே படத்தில் காட்டும் முறை. அதில் 400 என்ற தரநிலை, ஒளியைப் பகுதி பகுதியாகக் குறைக்கும் வசதியைக் கோருவதில்லை. அது இல்லாமல் எச்டிஆர் என்று பெருமைப்பட அதிகம் ஒன்றும் இல்லை.

இனி வாங்கும் இடம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு சுற்று வந்தால் ஒரே மாதிரி மொனிட்டர் ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு விலையில் இருக்கும். விலை வித்தியாசத்துக்குப் பின்னால் பெரும்பாலும் உத்தரவாத வித்தியாசம் இருக்கிறது. உள்ளூர் முகவர் கொண்டுவந்த மொனிட்டருக்கு முகவரே பொறுப்பு. வேறொரு நாட்டுக்கென்று வந்து இங்கே திருப்பிவிடப்பட்டதற்குக் கடைக்காரரின் ஒட்டு மட்டுமே பொறுப்பு. எங்கள் உறவினர் ஒருவர் மலிவென்று அப்படி வாங்கிய மொனிட்டரில் பதினான்காம் மாதம் செங்குத்துக் கோடு விழுந்தது. முகவர் தொடர் இலக்கத்தைப் பார்த்துவிட்டுத் தங்களுடையது அல்ல என்றார், ஒட்டு ஒட்டிய கடை அதற்குள் மூடப்பட்டிருந்தது. ஆகவே பற்றுச்சீட்டில் மாதிரி இலக்கம், தொடர் இலக்கம், எத்தனை வருடம், யார் பொறுப்பு என்ற நான்கையும் எழுதச் சொல்லுங்கள். டெல் தன் அல்ட்ராஷார்ப்புக்கு ஒரேயொரு பிரகாசமான பிக்சல் பழுதுக்கும் பனலை மாற்றித் தருவதாக வாக்களிக்கிறது. அதை இங்குள்ள முகவர் எப்படி நிறைவேற்றுவார் என்பதையும் வாங்குவதற்கு முன்னரே எழுத்தில் கேளுங்கள். பல நிறுவனங்கள் ஓரிரு பிக்சலைக் குறையாகக் கணக்கெடுப்பதில்லை.

உங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய ஒன்று: கடற்காற்று. கடலோரத் தொடர்மாடிகளில் பின்பக்கத்து எச்டிஎம்ஐ துளைகளில் பச்சை பிடித்துப்போன மொனிட்டர்களைப் பார்த்திருக்கிறேன். பயன்படுத்தாத துளைகளுக்குப் பிளாஸ்டிக் மூடி போடுங்கள், இரவில் சன்னலைத் திறந்து வைப்பவர்கள் மொனிட்டரை ஒரு துணியால் மூடுங்கள். 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேர மின்வெட்டை அனுபவித்த நாம் யூபிஎஸ் பற்றிப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் மின்சாரம் போகும்போதைவிடத் திரும்பி வரும் நொடியில்தான் மின்னழுத்தம் தாவும் என்பதால், கணினியை மட்டுமன்றி மொனிட்டரையும் அதே யூபிஎஸ்ஸில் செருகுங்கள். 27 அங்குல அலுவலக மொனிட்டர் எடுப்பது பெரும்பாலும் 25 முதல் 40 வாட்ஸ்தான்.

முதலில் துணைவியாருடைய மொனிட்டரை வாங்குங்கள். பணம் குறைந்தால் உங்களுடையதில் குறையுங்கள், தம்பியுடையதைக் கடைசிக்கு விடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முழுத் திரையிலும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக நிரப்பி, அறை விளக்கை அணைத்துவிட்டு உற்றுப் பாருங்கள். பழுதான பிக்சலோ மூலையில் ஒளிக்கசிவோ இருந்தால் அன்றே படம் எடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். துணைவியாருடைய மொனிட்டரை அரை மணி நேரம் சூடாக விட்ட பிறகு எஸ்ஆர்ஜிபி நிலையில் வைத்து, முன்பு சரியான நிறத்தில் அச்சாகி வந்த ஒரு அல்பப் பக்கத்தைப் பக்கத்தில் பிடித்து, அதே கோப்பைத் திரையில் திறந்து, கூறையும் முகநிறமும் ஒத்துவரும்வரை ஒளியைக் குறைத்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். அந்த ஒளி எண்ணை ஒரு தாளில் எழுதி மொனிட்டரின் பின்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பெட்டிகளை எறிய வேண்டாம். உத்தரவாதத்துக்குப் போகும்போது உள்ளே இருந்த வெள்ளை ரெஜிஃபோமோடு சேர்த்துக் கேட்பார்கள். இடமில்லையென்றால் மூன்றையும் தட்டையாக்காமல் அலுமாரிக்கு மேலே அடுக்கி, பற்றுச்சீட்டுகளின் பிரதிகளை உள்ளேயே போட்டு வையுங்கள்.